ஆறட்டும்

வின்னோகா கோடை முகாமின் பழைய பிள்ளைகள் ஒன்றுகூடலுக்கு வரச் சொல்லி டென்னி ஆறு மாதமாக நச்சரித்தான். "ரெண்டே நாள் மார்லி. சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம். உன் தலையா போயிடும்?" தலை போகாது என்று நம்பித்தான் நானும் கிளம்பினேன்.

வின்னோகா என்பது பூர்வகுடிகளின் சொல், தெளிந்த நீர் என்று அர்த்தம் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். முகாமைத் தொடங்கியவர் தன் பிள்ளைகள் வின்னி, நோரா, கார்ல் மூவரின் பெயரையும் வெட்டி ஒட்டிய கதை பின்னால்தான் தெரிந்தது. இந்த இடத்தில் எதுதான் சொன்னபடி இருந்தது? வாசலில் பச்சை டீ-ஷர்ட் ஒன்றை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. டென்னி வாங்கி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். ஐம்பதை நெருங்கியும் என் தம்பிக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.

பைன் மரங்கள் இன்னும் உயரமாகியிருந்தன. ஏரி அப்படியே இருந்தது. படகுத் துறையில் என் வயதுப் பெண்கள் வட்டமாக நின்று, கையைத் தட்டிப் பாடும் முகாம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ராக்ஸான். என் குடிலில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவள். இப்போது கிரீன் பே நகரத்தில் வீடு விற்கிறாளாம்.

"ஐயோ, மார்லிஸ்! அதே மூஞ்சி! அப்பவும் எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரிதான் நிப்ப!"

"நீயும் மாறலை. அப்பவும் உன் வாயை மூட ஒரு ஆள் தேவைப்பட்டுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இங்கே வரவே கூடாது என்று நாற்பது வருடம் நான் இருந்ததற்குக் காரணம் டென்னியின் இடது காது. அதில் அவனுக்கு ஒன்றும் கேட்காது. எங்கே போனாலும் அவனுக்கு வலது பக்கமாக நடந்து நடந்து எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

அது எழுபத்தாறாம் வருடக் கோடை. எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஒன்பது. அப்பா விட்டுப் போன வருடம். அம்மா ஆப்பிள்டனில் காகித ஆலையில் இரவு வேலை பார்த்தாள். பகலெல்லாம் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டாம் என்று சர்ச்சில் பேசி எங்களை நான்கு வாரம் இங்கே அனுப்பினாள். ஏரிக்கு இந்தப் பக்கம் பெண்பிள்ளைகள், அந்தப் பக்கம் பையன்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் பார்த்துக்கொள்ள முடியும். பிள்ளைகள் போனைத் தொடக் கூடாது.

அந்த ஞாயிற்றுச் சாப்பாடு பொரித்த கோழி. வாரம் முழுக்க அவித்த பீன்ஸையும் பூச்சித் தண்ணி என்று நாங்கள் பெயர் வைத்த சிவப்பு ஜூஸையும் விழுங்கியவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் சும்மா உள்ளே போக முடியாது. வீட்டுக்கு எழுதிய கடிதம்தான் டிக்கெட். உறையை ஒட்டக் கூடாது, மடித்துச் செருக வேண்டும். வாசலில் முகாம் நடத்தியவரின் மனைவி லோயிஸ் உட்கார்ந்திருப்பாள். எங்கள் எல்லோருக்கும் அவள் 'ஆன்ட்டி லோயிஸ்'. நம் கண்ணெதிரே தபால்தலையை நாக்கில் நனைத்து, உறையில் ஒட்டி, கன்னத்தைத் தட்டி, "போ கண்ணு, சாப்பிடு" என்பாள். கடிதம் இல்லையென்றால் கோழி இல்லை.

முதல் ஞாயிறு எனக்கு எல்லாம் பிடித்திருந்தது, அப்படியே எழுதினேன். இரண்டாவது ஞாயிறு டென்னி காதில் பஞ்சோடு வந்தான். நீந்துகிற பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று நர்ஸ் எண்ணெய் விட்டிருந்தாளாம். சாப்பாட்டுக்கு முன்னால் அவனைப் பார்த்ததும் நான் எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப்போட்டுவிட்டு, அம்மா வா என்று புதிதாக எழுதினேன். மூன்றாவது ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வாசல் வரிசையில் நின்றான், கோழி வேண்டாம் என்றான். மறுபடி எழுதினேன். நான்காவது ஞாயிறு காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. மறுபடி எழுதினேன். அம்மா வரவில்லை.

கடைசி நாள் வழக்கம்போல எல்லாப் பெற்றோரும் வந்தபோது அவளும் வந்தாள். டென்னியைப் பார்த்ததும் அலறினாள். நேராக அலுவலகத்துக்குள் போய், "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லலை?" என்று மேஜையை அடித்தாள். லோயிஸ் என் தோளில் கையை வைத்து அணைத்துக்கொண்டாள். "மார்லிஸ் வாராவாரம் எழுதினாளே. நானே ஸ்டாம்ப் ஒட்டினேன். இல்லையா கண்ணு?" நான் தலையாட்டினேன். என் கண்ணால் பார்த்தது அல்லவா. அம்மா, "முதல் வாரத்து லெட்டர் ஒண்ணுதான் வந்துது. நான் ரெண்டு தடவை போன்கூடப் பண்ணேன்" என்றாள். லோயிஸ் பரிதாபமாகச் சிரித்து, "நைட் ஷிப்ட் பாக்கறீங்க, பாவம். மறந்திருப்பீங்க" என்றாள்.

அன்றிலிருந்து என் அம்மா எனக்குப் பொய்க்காரி. டென்னிக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. பதினேழு வயதில் நன்றியறிதல் நாள் விருந்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் "மூணு லெட்டர் கையில வெச்சுக்கிட்டு நீ தூங்கின" என்று சொன்னேன். அவள் வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வரலைன்னா வரலைதான்" என்றாள். பள்ளி முடிந்ததும் டூலூத் நகரத்துக்குப் போனவள்தான் நான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், யாராவது செத்தால் நேரில் பார்ப்பது. என் கல்யாணத்துக்கு அவளை நான் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை மதியம் அதே சாப்பாட்டுக் கூடத்தில் அதே பொரித்த கோழி. நூற்றிருபது பேர் இருப்போம். மேடைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில், மார்பில் ரோஜாப் பூ குத்தி, லோயிஸை உட்கார்த்தியிருந்தார்கள். எண்பத்தெட்டு வயது. ஆளாளுக்குக் குனிந்து அவளை முத்தமிட்டார்கள். இப்போது முகாமை நடத்துகிற அவள் மகன் கிரெய்க் மைக்கைப் பிடித்தான். நல்ல மனசுக்காரன். மூளையைத்தான் கடவுள் அளந்து அளந்து வைத்திருந்தார்.

"ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்! அம்மாவோட பழைய அலமாரிக்குப் பின்னாடி ரெண்டு ஷூ பெட்டி கிடைச்சுது. உள்ள என்ன தெரியுமா? நீங்க சின்ன வயசுல வீட்டுக்கு எழுதின லெட்டர்ஸ்! பொக்கிஷம்!"

சுவரோரம் தொங்கவிட்டிருந்த துணியை இழுத்தான். நீளமாகக் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் கடிதங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உறை. கூடமே கைதட்டியது. வீட்டுக்கு எழுதின கடிதம் இங்கே எப்படி இருக்கும் என்று ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கும் உறைக்கவில்லை.

ராக்ஸான் மேடையேறிக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, குழந்தைக் குரலில் படிக்க ஆரம்பித்தாள். பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள் என்றாள். "அன்புள்ள அப்பா, இங்கே சாப்பாடு கேவலம். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, நாயை அனுப்புங்கள்." சிரிப்பு. "அன்புள்ள அம்மா, என் காலணியில் ஒருத்தி தவளை விட்டாள். அந்தத் தவளை செத்துப்போனது. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்." இன்னும் சிரிப்பு. டென்னி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அடுத்ததை எடுத்தாள். குரலை அழுகிற மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"அன்புள்ள அம்மா, டென்னியின் காதிலிருந்து மஞ்சளாக ஒழுகுகிறது. அவனுக்கு நான் கூப்பிட்டால் கேட்கவில்லை. தயவுசெய்து வா. பஸ்ஸில் வந்தால்கூடப் போதும். நீ வந்தால் இனிமேல் பாத்திரம் கழுவச் சொல்லும்போது ஒரு நாளும் முணுமுணுக்க மாட்டேன்..."

பாத்திரத்துக்குத்தான் பெரிய சிரிப்பு வந்தது. பின்வரிசையில் ஒருவன் மேஜையைத் தட்டினான். டென்னி சிரிக்கவில்லை. அவன் ஒரு காதை மேடைப் பக்கம் திருப்பி, வாயில் வைத்த கோழித் துண்டைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. ராக்ஸான் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினேன். என் கையெழுத்து. கயிற்றில் தொங்கிய உறையை இழுத்துப் பார்த்தேன். அம்மாவின் விலாசம். மூலையில் தபால்தலை, அழகாக நேராக ஒட்டியிருந்தது. அதன் மேல் அஞ்சலக முத்திரை இல்லை. எதிர் மூலையில் பென்சிலால் பொடியாக ஒரே ஒரு சொல்: 'ஆறட்டும்.'

பக்கத்து உறையைப் பார்த்தேன். தபால்தலை இருந்தது, முத்திரை இல்லை, 'ஆறட்டும்.' அதற்கடுத்ததும் அப்படியே. கயிற்றின் அந்தக் கோடிவரை போனேன். என்னுடையவை மூன்றும் இருந்தன. இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு.

"மார்லிஸ், கோவிச்சுக்காத, சும்மா ஒரு ஜாலிக்கு" என்று கிரெய்க் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டு மைக்கை வாங்கினேன்.

"இது ஏன் இங்க இருக்குன்னு யாராவது யோசிச்சீங்களா? இங்க இருக்கற லெட்டர் வீட்டுக்குப் போகாத லெட்டர். உங்க லெட்டர் இதுல இருந்தா உங்க அம்மா அப்பா அதைப் படிக்கவே இல்லை. எழுந்து வந்து தேடுங்க. இப்ப சிரிங்க பார்ப்போம்!"

ஒரு நாற்காலி நகர்ந்தது. தலை வழுக்கையான ஒருவர் கயிற்றுக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு உறையாகப் பார்த்தார். இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். ராக்ஸானும் தேட ஆரம்பித்தாள். நாயைக் கேட்டது அவளே என்று அப்புறம் தெரிந்தது.

நான் மூன்று உறைகளையும் எடுத்துக்கொண்டு லோயிஸிடம் போய் அவள் மடியில் போட்டேன்.

"இது என்ன?"

அவள் நடுங்கவும் இல்லை, முழிக்கவும் இல்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ அந்தக் காதுப் பையனோட அக்கா" என்றாள். நினைவு கத்தி மாதிரி இருந்தது.

"இது ஏன் போகலை?"

"உக்காரு கண்ணு. அழற பிள்ளைங்க எல்லாம் புதன்கிழமை ஆனா சிரிச்சுடும். ஞாயித்துக்கிழமை அழுகையை அப்படியே வீட்டுக்கு அனுப்பினா, திங்கட்கிழமை ஊர்ல இருக்கற எல்லா அம்மாவும் காரை எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பா. அதான் மூணு நாள் வெச்சிருப்பேன். ஆறட்டும்னு."

"ஆறின பிறகு அனுப்பினீங்களா?"

"ஆறின பிறகு எதுக்கு அனுப்பணும்?"

"எங்களுக்கு ஆறலையே! ஒன்பது வயசுப் பையனுக்குக் காது போச்சு!"

"நர்ஸ் சரியாப் போயிடும்னா. நான் டாக்டரா?"

"எங்க அம்மா போன் பண்ணினாளா?" இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பண்ணினா. ரெண்டு தடவை. லெட்டரே காணோம், நான் கிளம்பி வரட்டுமான்னு கேட்டா. பிள்ளைங்க சந்தோஷமா இருக்கு, விளையாட்டுல எழுத மறந்திருக்கும், நீங்க வந்தா மத்ததுங்களும் ஏங்கிப் போயிடும்னு சொல்லி நிறுத்தினேன். எந்த அம்மா போன் பண்ணினாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

"அன்னிக்கு ஆபீஸ்ல அவ மூஞ்சிக்கு நேரா, எல்லாத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டினேன்னு சொன்னீங்க."

"ஒட்டினேனே" என்றாள். உறையின் மூலையை விரலால் தட்டிக் காட்டினாள். "பொய் சொல்லலையே."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தொட்டிலை ஆட்டியதற்கு ரோஜாப் பூ குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை அன்றுதான் பார்த்தேன். "நீங்க செத்தா நான் வந்து பாத்துட்டுப் போவேன், உறுதியாச் செத்தீங்களான்னு" என்றேன். எனக்கு அதில் இன்றும் வெட்கம் இல்லை. கிரெய்க் இடையில் வந்து நின்றான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்குத் தெரியாது மார்லிஸ். சத்தியமா, இதெல்லாம் போன லெட்டரோட நகல்னு நெனச்சேன்" என்றான். பென்சிலால் எழுதும் பிள்ளைகள் நகல் எடுத்துவைப்பார்களாம். அந்த முட்டாள்தனத்துக்கு அவனை அடிக்கவும் முடியவில்லை.

டென்னி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் வந்து நின்றோம். லோயிஸ் மடியிலிருந்து திரும்ப வாரிக்கொண்டு வந்த உறைகளை அவன் முன்னால் ஆட்டினேன்.

"கேஸ் போடலாம். பேப்பர்ல எழுதலாம். இந்த இடத்தை இழுத்து மூட வைக்கிறேன் பாரு."

"சரி."

"என்ன சரி? உனக்குக் கோவமே வரலையா? உன் காதுடா!"

"எனக்கு அவ மேல கோவம்தான் மார்லி" என்றான். "ஆனா அம்மா மேல எனக்கு ஒரு நாளும் கோவம் இல்லை. வரலைன்னு அம்மா சொன்னா. சரி, வரலைன்னு விட்டுட்டேன். சண்டை போட்டது நீதான்."

"உனக்காகத்தான் போட்டேன்!"

"நான் கேக்கலையே."

அவன் கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாகப் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தேன். எண்பத்தொரு வயது. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது.

"யார் செத்தா?" என்றாள்.

"யாரும் சாகலைம்மா. நான் வின்னோகாவுல இருக்கேன். டென்னியோட."

"அங்க என்ன உனக்கு?"

"அம்மா, என் லெட்டர் மூணும் இங்க இருக்கு. லோயிஸ் அனுப்பவே இல்லை. பெட்டியில போட்டு வெச்சிருக்கா. நீ சொன்னது உண்மைம்மா. உனக்கு வரவே இல்லை. நீ போன் பண்ணினதும் உண்மை."

அந்தப் பக்கம் டிவி நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். நானும் அழத் தயாராக இருந்தேன். நாற்பது வருடத்தை ஒரே போனில் கழுவிவிடப் போகிறோம் என்று முட்டாள்தனமாக நம்பினேன்.

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"அம்மா, என்னை மன்னி..."

"இரு. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. லெட்டர் வரலைன்னு நான் உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"ஒரு தடவையா?"

"நிறைய தடவை."

"உன் கல்யாணத்துக்கு முன்னாடிகூட போன்ல சொன்னேன். நீ வெச்சுட்ட. இன்னிக்கு ஏன் நம்பற?"

"லோயிஸ் அவ வாயாலயே ஒத்துக்கிட்டாம்மா."

வான்கோழியின் முன்னால் கத்தியைக் கீழே வைத்தபோது பேசிய அதே குரலில் பேசினாள்.

"அன்னிக்கு அவ நான் மறந்துட்டேன்னு சொன்னா, அதை நம்பின. இன்னிக்கு அவ நான் பொய் சொல்லலைன்னு சொல்றா, அதையும் நம்பற. நாப்பது வருஷமா உனக்கு அவ பேச்சுதான். என் பேச்சை நீ எப்ப நம்பின மார்லிஸ்?"

தேடினேன். ஒரு தடவையாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"டென்னி பக்கத்துல இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

"அவன்கிட்ட குடு."

கொடுத்தேன். அவன் இரண்டு கார்கள் தள்ளிப் போய் நின்று பேசினான். "ஆமாம்மா, சாப்பிட்டேன்" என்றான். "வலியெல்லாம் இல்லைம்மா, அது எப்பவோ போயிடுச்சு" என்றான். ஏதோ கேட்டுச் சிரித்தான். அடுத்த வாரம் வந்து புல் வெட்டித் தருவதாகச் சொன்னான். நான் கையில் மூன்று உறைகளோடு, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். கோபம் மட்டும் குறையவில்லை. போக ஓர் இடம் இல்லாமல் எனக்குள்ளேயே சுற்றியது.

அவன் திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினான். வாங்கிக் காதில் வைத்தேன். அம்மா போனை வைத்துவிட்டிருந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

டென்னி என்னைப் பார்க்காமல் கார்ச் சாவியைத் தேடினான்.

"இல்லை மார்லி" என்றான். "கேக்கலை."